பால்புதுமையரைச் சமூகம் ஏற்றுக்கொள்வதில் ஊடகத்தின் பங்கு என்ன?

1997 ஏப்ரல் 30 அன்று இரவு, அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ‘எலன்’ என்ற நகைச்சுவைத் தொடரின் ஒரு பகுதி ஒளிபரப்பானது. விமான நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் ஒரு பெண், எதிரே நிற்கும் இன்னொரு பெண்ணிடம் தன்னைப் பற்றிய உண்மை ஒன்றைச் சொல்ல முயன்று, சொல் வராமல் தடுமாறுகிறார். ஒருவழியாக மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, முன்னிருக்கும் மேசையின் மேல் சாய்ந்து, தான் ஒரு தன்பாலீர்ப்பாளர் என்று சொல்லிவிடுகிறார். அந்த மேசையில் இருந்த அறிவிப்பு ஒலிவாங்கி இயங்கிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. ஒருவரிடம் மட்டும் சொல்ல நினைத்தது கூடம் முழுவதும் ஒலிக்கிறது. அந்தக் காட்சியை ஏறத்தாழ 4.2 கோடிப் பேர் பார்த்தார்கள். அதில் நடித்த எலன் டிஜெனரஸ், சில நாட்களுக்கு முன்புதான் ‘டைம்’ இதழின் அட்டையில் தன்னைப் பற்றிய அதே உண்மையை வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்.

ஒரு நகைச்சுவைத் தொடரின் பாத்திரம் தன்னைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியம் ஏன் இன்றுவரை பேசப்படுகிறது? திரையில் தோன்றும் மனிதர்களுக்கும், நிஜ வாழ்வில் நாம் பிறரை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் இடையே உள்ள தொடர்பு எப்படிப்பட்டது? சமூகவியலாளர்களும் தகவல்தொடர்பு ஆய்வாளர்களும் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவரும் இக்கேள்வியை, இத்துறைக்குப் புதியவர்களுக்குப் புரியும்படி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தன் பாலினத்தவர் மீதே ஈர்ப்புக் கொள்வோர், இரு பாலினத்தவர் மீதும் ஈர்ப்புக் கொள்வோர், பிறப்பின்போது குறிக்கப்பட்ட பாலினத்திலிருந்து தாம் உணரும் பாலினம் வேறுபடும் திருநர் முதலிய அனைவரையும், அதாவது எல்ஜிபிடிக்யூ என்ற எழுத்துக்கோவை சுட்டும் எல்லோரையும், ‘பால்புதுமையர்’ என்ற ஒரே சொல்லால் இங்கே குறிப்பிடுகிறேன்.

முதலில், பழக்கம் என்ற எளிய விஷயத்திலிருந்து தொடங்குவோம். அறியாதவர்களைப் பற்றி நாம் வைத்திருக்கும் அச்சமும் வெறுப்பும் பெரும்பாலும் கேள்விப்பட்டவற்றால் ஆனவை. அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட், 1954இல், உகந்த சூழ்நிலையில் இரு குழுவினர் நேரடியாகப் பழகும்போது ஒருவரைப் பற்றி மற்றவர் கொண்டுள்ள முன்முடிவுகள் குறைகின்றன என்ற கருத்தை முன்வைத்தார். இதைத் தொடர்புக் கருதுகோள் என்பார்கள். இருவரும் சம நிலையில் இருக்க வேண்டும், பொதுவான ஒரு நோக்கத்திற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளையும் அவர் விதித்திருந்தார். வெறுமனே ஒருவரை ஒருவர் கடந்துபோவதால் எதுவும் மாறிவிடாது என்பதை அவர் தெளிவாக உணர்ந்திருந்தார்.

பால்புதுமையரின் நிலை இங்கே ஒரு வகையில் தனித்தன்மை கொண்டது. மதத்தாலோ நிறத்தாலோ மொழியாலோ வேறுபடும் குழுக்கள் பெரும்பாலும் குடும்பம் குடும்பமாக வாழ்கின்றன. பால்புதுமையரோ எல்லாக் குடும்பங்களிலும் பிறக்கிறார்கள். அவர்களில் பலர், வெளியே சொன்னால் வீட்டையும் வேலையையும் இழக்க நேரும் என்ற அச்சத்தால் வாய் திறப்பதில்லை. ஆகவே, அவர்களோடு தினமும் பேசிப் பழகுகிறவர்கள்கூட, தமக்கு அப்படி யாரையும் தெரியாது என்று உண்மையாகவே நம்புகிறார்கள். மறைந்து வாழ்வதால் அறிமுகம் நிகழ்வதில்லை. அறிமுகம் இல்லாததால் அச்சம் தொடர்கிறது. அந்த அச்சமே மறைந்து வாழவும் வைக்கிறது. இந்தச் சுழலில் எங்கோ ஓரிடத்தில் ஒரு விரிசல் தேவைப்படுகிறது. அந்த இடத்தில்தான் ஊடகம் வருகிறது.

தொலைக்காட்சி பரவத் தொடங்கிய காலத்தில், 1956இல், டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு விந்தையான உறவைக் கவனித்து எழுதினார்கள். வாரந்தோறும் திரையில் தோன்றும் ஒருவரை, தம்மைப் பற்றி அவருக்கு எதுவுமே தெரியாது என்பதை அறிந்தும், நெடுநாள் பழகியவராகப் பார்வையாளர்கள் உணர்கிறார்கள் என்பதே அவர்கள் கண்டது. இதை ஒருவழி நெருக்கம் என்று நாம் அழைக்கலாம். தொடரின் பாத்திரம் இறந்தால் வீட்டில் ஒருவர் கண் கலங்குவதும், ‘அவர் இப்படிச் செய்திருக்கவே மாட்டார்’ என்று கற்பனை மனிதருக்காக வாதாடுவதும் இதனால்தான்.

இவ்விரு கருத்துகளையும் எட்வர்ட் ஷியப்பாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2005இல் இணைத்தார்கள். நேரில் பழகுவது வெறுப்பைக் குறைக்கும் என்றால், திரைவழியாக ஏற்படும் ஒருவழி நெருக்கமும் ஓரளவுக்கு அதையே செய்யக்கூடும் என்பது அவர்களுடைய கருதுகோள். அடுத்த ஆண்டு, ‘வில் அண்ட் கிரேஸ்’ என்ற நகைச்சுவைத் தொடரை வைத்து 245 கல்லூரி மாணவர்களிடம் அவர்கள் நடத்திய ஆய்வு வெளியானது. இரண்டு தன்பாலீர்ப்பு ஆண்களை முதன்மைப் பாத்திரங்களாகக் கொண்ட அந்தத் தொடரை அதிகமாகப் பார்த்தவர்களிடம் தன்பாலீர்ப்பாளர் மீதான முன்முடிவு குறைவாக இருந்தது. அதைவிட முக்கியமானது, இந்தத் தொடர்பு யாரிடம் வலுவாகத் தெரிந்தது என்பதே. நிஜ வாழ்வில் தன்பாலீர்ப்பாளர் எவரையும் அறியாதவர்களிடமோ மிகக் குறைவாகவே அறிந்தவர்களிடமோதான் அது வலுவாக இருந்தது. நண்பர்களாகப் பால்புதுமையரைப் பெற்றிருப்பவருக்குத் திரை புதிதாக எதையும் கற்றுத்தரப் போவதில்லை. யாரையும் அறியாதவருக்கோ திரைதான் முதல் அறிமுகம்.

முதல் அறிமுகம் எப்படி அமைகிறது என்பதைப் பொறுத்து எல்லாமே மாறிவிடும் என்பதை இதே ஆய்வின் மறுபக்கமாக நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். நல்ல அறிமுகம் வெறுப்பைக் கரைக்கும் என்றால், கெட்ட அறிமுகம் அதைக் கெட்டிப்படுத்தவும் செய்யும். அமெரிக்கத் திரையுலகத்தின் வரலாறு இதற்குப் போதிய சான்று. ஹேஸ் விதிமுறை என்று அழைக்கப்பட்ட தணிக்கை விதித்தொகுப்பு 1930இல் உருவாகி, 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்டது. ‘பாலியல் பிறழ்வு’ என்று அது பெயரிட்ட எதையும், அதற்கான குறிப்பைக்கூட, திரையில் காட்டக் கூடாது என்று தடை விதித்தது. 1961இல் சற்றுத் தளர்ந்து, 1968இல் முற்றிலும் கைவிடப்படும்வரை, பல தலைமுறைப் பார்வையாளர்கள் பால்புதுமையரை வெளிப்படையாகத் திரையில் கண்டது மிக அரிது. சொல்லாமல் சொல்லப்பட்டவர்கள் மட்டும் இருந்தார்கள். நளினமான நடையும் வழுக்கும் பேச்சும் கொண்ட வில்லன், எல்லோரும் சிரிப்பதற்காக வந்துபோகும் கோமாளி, கதையின் முடிவில் தற்கொலை செய்துகொள்ளும் அல்லது கொல்லப்படும் துயரர் என்று அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் மிகச் சிலவே.

இப்படி ஒரு குழுவை முற்றிலும் காட்டாமல் விடுவதையும், காட்டினாலும் இழிவாகவே காட்டுவதையும் ஆய்வாளர்கள் ‘குறியீட்டு அழிப்பு’ என்பார்கள். 1970களில் ஜார்ஜ் கெர்ப்னரும் அவருடைய சகாக்களும் இச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். தொலைக்காட்சியில் நெடுநேரம் செலவிடுகிறவர்கள், அதில் மீண்டும் மீண்டும் காணும் உலகத்தையே நிஜ உலகமாக எண்ணத் தொடங்குகிறார்கள் என்பது கெர்ப்னரின் ஆய்வுகள் வலியுறுத்திய கருத்து. ஒரு நிகழ்ச்சி ஒருவரை ஒரே இரவில் மாற்றிவிடாது. ஆனால், சொட்டுச் சொட்டாக விழும் நீர் கல்லில் குழி பறிப்பதைப் போல, ஆயிரம் நிகழ்ச்சிகள் சேர்ந்து ‘இவர்கள் இப்படிப்பட்டவர்கள்’ என்ற படிமத்தை நமக்குள் பதிக்கின்றன. திரையில் ஒருபோதும் தோன்றாதவர்கள் பொருட்படுத்தத் தக்கவர்கள் அல்லர் என்ற பாடமும் அதே வழியில்தான் நமக்குள் இறங்குகிறது.

செய்தித் துறையின் பங்கையும் ஒரு காட்சி வழியாகப் பார்க்கலாம். 1967இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான சிபிஎஸ் தன்பாலீர்ப்பாளர் பற்றிய ஒரு மணி நேர ஆவண நிகழ்ச்சியை நாடு முழுவதும் ஒளிபரப்பியது. அதில் பேட்டி அளித்த ஒருவரின் முகம், தொட்டிச் செடியின் இலைகளுக்குப் பின்னால் மறைக்கப்பட்டிருந்தது. அவருடைய பாதுகாப்புக்காகவே அப்படிச் செய்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால், வீட்டில் அமர்ந்து அதைப் பார்த்தவருக்கு அந்த இலைகள் வேறொன்றைச் சொல்லியிருக்கும். முகத்தை மறைத்துப் பேசுபவர் குற்றவாளியாகவோ நோயாளியாகவோதான் இருப்பார் என்ற எண்ணத்தை அந்தக் காட்சியமைப்பே ஊட்டிவிட்டது. தன்பாலீர்ப்பு ஒரு மனநோய் என்று வாதிட்ட மனநல மருத்துவர் அதே நிகழ்ச்சியில் நிபுணராக முகம் தெரியப் பேசினார். நிகழ்ச்சிக்காக நடத்தப்பட்ட கருத்துக்கணிப்பில், மூவரில் இருவர் தன்பாலீர்ப்பாளரை அருவருப்போடோ சங்கடத்தோடோ அச்சத்தோடோ நோக்குவதாகத் தெரிவிக்கப்பட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, 1973இல்தான்.

யாரை முகத்தோடு காட்டுகிறோம், யாரை நிழலாகக் காட்டுகிறோம், யாருக்கு நிபுணர் என்ற பெயரைத் தருகிறோம், யாரைப் பற்றி அவர் இல்லாமலேயே பேசுகிறோம் என்பவை தொழில்நுட்ப முடிவுகள்போலத் தோன்றினாலும், மனிதர்களைப் பற்றிய தீர்ப்புகளாகவே மக்களிடம் போய்ச் சேர்கின்றன. சொற்களும் அப்படித்தான். எய்ட்ஸ் நோய் பரவிய 1980களில் செய்தித்தாள்கள் தன்பாலீர்ப்பாளரைப் பற்றி எழுதிய விதத்தை எதிர்த்தே, 1985இல் நியூயார்க்கில் கிளாட் என்ற ஊடகக் கண்காணிப்பு அமைப்பு தோன்றியது. ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ், அச்சமூகத்தினர் தம்மைக் குறிக்கத் தாமே தேர்ந்துகொண்ட ‘கே’ என்ற சொல்லைத் தன் பக்கங்களில் இயல்பாகப் பயன்படுத்த 1987இல்தான் இடம் கொடுத்தது. ஒருவரை அவர் விரும்பும் பெயரால் அழைப்பது மிகச் சிறிய மரியாதை. அதைக் கொடுப்பதற்கே இத்தனை ஆண்டுகள் ஆயின என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

இனி, இந்தத் துறையில் புதிதாக நுழைகிறவர்கள் எளிதில் தவறவிடும் ஓரிடத்திற்கு வருவோம். அமெரிக்காவில் தன்பாலினத் திருமணத்தை ஆதரித்தோர் 1996இல் 27 சதவீதம், 2023இல் 71 சதவீதம் என்று கேலப் கருத்துக்கணிப்பு காட்டுகிறது. இதே காலத்தில்தான் தொலைக்காட்சியில் பால்புதுமையர் பாத்திரங்கள் பெருகின. 2012 மே மாதத்தில், அப்போது துணை அதிபராக இருந்த ஜோ பைடன், இந்த விஷயத்தில் மக்களுக்குப் புரிதலை ஊட்டியதில் ‘வில் அண்ட் கிரேஸ்’ தொடருக்கு இணையாக எதையும் சொல்வது கடினம் என்ற பொருள்படத் தொலைக்காட்சிப் பேட்டியிலேயே கூறினார். ஆகவே ஊடகம்தான் எல்லாவற்றையும் மாற்றியது என்று முடிவுகட்டத் தோன்றும். அந்த முடிவு அவசரமானது. ஏற்கெனவே திறந்த மனம் கொண்டவர்களே இத்தகைய தொடர்களைத் தேடிப் பார்த்திருக்கலாம். மக்களின் மனம் மாறுவதைக் கண்ட பிறகே தயாரிப்பாளர்கள் துணிந்திருக்கலாம். இதே ஆண்டுகளில்தான் இலட்சக்கணக்கான பால்புதுமையர் தம் பெற்றோரிடமும் உடன்பிறந்தவர்களிடமும் நண்பர்களிடமும் உண்மையைச் சொல்லத் தொடங்கினார்கள். எய்ட்ஸ் கால இயக்கங்களும் நீதிமன்றப் போராட்டங்களும் அரசியல் அமைப்புகளும் உழைத்தன. இவற்றில் ஊடகத்தின் பங்கை மட்டும் பிரித்தெடுத்து இத்தனை சதவீதம் என்று நிறுத்துக் காட்ட இயலாது. நேரடி அறிமுகம், சட்டம், ஊடகம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்தன என்பதே என் கணிப்பு. திரையில் கண்ட ஒரு பாத்திரம், வீட்டில் உண்மையைச் சொல்லும் துணிவை ஒரு பிள்ளைக்கும், அதைக் கேட்டுக்கொள்ளும் பக்குவத்தைத் தாய்க்கும் ஒருசேரக் கொடுத்திருக்கக்கூடும்.

பார்ப்பவரின் மனமும் வெற்றுத் தாள் அன்று. 1970களில் அமெரிக்காவில் பெரும் வரவேற்புப் பெற்ற ‘ஆல் இன் தி ஃபேமிலி’ என்ற தொடரில், இனவெறியும் பழமைவாதமும் கொண்ட குடும்பத் தலைவர் ஒருவரைக் கேலிக்குரியவராகக் காட்டினார்கள். அதைப் பார்த்தால் மக்கள் தம் வெறுப்பை உணர்ந்து வெட்கப்படுவார்கள் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. நீல் விட்மார், மில்டன் ரோக்கீச் ஆகியோர் 1974இல் வெளியிட்ட ஆய்வோ வேறொன்றைக் காட்டியது. முன்முடிவு மிகுந்த பார்வையாளர்கள் அந்தக் குடும்பத் தலைவரையே தம் பக்கத்து ஆளாகக் கண்டு இரசித்தார்கள். பால்புதுமையரைக் கேலி செய்யும் ஒரு பாத்திரத்தை ‘அவனைத் தவறானவனாகத்தானே காட்டியிருக்கிறோம்’ என்று நியாயப்படுத்தும் படைப்பாளிகள் இந்த ஆய்வை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

எந்த வகைச் சித்திரிப்பு மனத்தை நெருங்குகிறது என்பதற்கு 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு நல்ல விடை தருகிறது. ‘ராயல் பெயின்ஸ்’ என்ற அமெரிக்க மருத்துவத் தொடரின் ஒரு பகுதியில் பதின்பருவத் திருநர் ஒருவரின் கதை இடம்பெற்றது. அதைப் பார்த்தவர்கள், பார்க்காதவர்களைவிடத் திருநர் மீது கனிவான கருத்துக் கொண்டிருந்தார்கள். வெவ்வேறு தொடர்களில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட திருநர் கதைகளைப் பார்த்தவர்களிடம், அவர்களுடைய அரசியல் சார்புக்கும் திருநர் பற்றிய கருத்துக்கும் இடையிலான தொடர்பு பாதியாகக் குறைந்திருந்தது. அதே வேளையில், திருநர் பற்றிய செய்திகளைப் பார்த்ததற்கும் மனப்பான்மைக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தென்படவில்லை. செய்தி ஒரு சிக்கலைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. கதை ஒரு மனிதரோடு நம்மை உட்கார வைக்கிறது. அவர் மருத்துவரிடம் எதைச் சொல்லத் தயங்குகிறார், வீட்டில் யார் அவருக்காகப் பேசுகிறார் என்பதையெல்லாம் அறியும்போது, விவாதப் பொருளாக இருந்தவர் பெயருள்ள ஒருவராக மாறுகிறார்.

திருநரைப் பொறுத்தவரை இது இன்னும் அவசரமான விஷயம். எண்ணிக்கையில் சிறுபான்மையினரான அவர்களை நேரில் அறிந்தவர்கள் குறைவு என்பதால், பலருக்குத் திரை ஒன்றே அவர்களைப் பற்றிய அறிவின் மூலம். அந்தத் திரையோ நெடுங்காலம் அவர்களை ஏமாற்றுக்காரர்களாகவும் கொலைகாரர்களாகவும் கொலையுண்ட உடலாகவும் சிரிப்பை வரவழைக்கும் வேடமாகவும் மட்டுமே காட்டிவந்தது. திருநங்கைப் பாத்திரங்களில் ஆண் நடிகர்கள் நடித்துப் பாராட்டுப் பெற்ற வழக்கமும் இதோடு சேர்ந்தது. படத்தின் முடிவில் அந்த நடிகர் மேடையேறித் தாடியோடு விருது வாங்கும்போது, திருநங்கை என்பவர் பெண் உடை அணிந்த ஆண்தான் என்ற தவறான எண்ணம் பார்வையாளரிடம் உறுதிப்படுகிறது. திருநங்கையான லேவர்ன் காக்ஸ் போன்றோர் தாமே திருநங்கைப் பாத்திரங்களை ஏற்று நடித்ததும், 2014இல் அவர் ‘டைம்’ இதழின் அட்டையில் இடம்பெற்றதும் இந்தப் பின்னணியில்தான் பொருள் பெறுகின்றன.

அப்படியென்றால் நல்ல சித்திரிப்பை எப்படி அடையாளம் காண்பது? திரைப்பட வரலாற்றாளர் வீட்டோ ருஸ்ஸோவின் பெயரால் கிளாட் அமைப்பு 2013இல் வகுத்த ஓர் அளவுகோல், தொடக்க நிலையில் மிகவும் உதவும். படத்தில் பால்புதுமையர் என்று தெளிவாக அறியக்கூடிய ஒரு பாத்திரம் இருக்க வேண்டும். அந்தப் பாத்திரத்திற்கு அந்த அடையாளத்தைத் தவிர வேறு குணநலன்களும் இருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனைதான் என்னை மிகவும் கவர்ந்தது. அந்தப் பாத்திரத்தைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் கதையில் பெரிய மாறுதல் ஏற்பட வேண்டும். நாயகிக்கு ஆடை தேர்ந்து கொடுத்து, காதலுக்கு யோசனை சொல்லிவிட்டு மறையும் நண்பர் பாத்திரங்கள் பல இந்த மூன்றாவது வாசலில் நின்றுவிடுகின்றன. அவர்களுக்கென்று ஒரு காலைப் பொழுதும் ஒரு கடனும் ஒரு காதலும் கதையில் இருப்பதில்லை. பாராட்டுப் பெற்ற தொடர்களிலும் இக்குறை உண்டு. ‘வில் அண்ட் கிரேஸ்’ தொடரின் நாயகன் நகரத்தில் வசதியாக வாழும் வெள்ளையின வழக்கறிஞர். அவருடைய காதல் வாழ்க்கை தொடக்கப் பருவங்களில் அரிதாகவே காட்டப்பட்டது. அவரைப் பார்த்து உருவான ஏற்பு, ஏழைகளாகவோ வேறு இனத்தவராகவோ திருநராகவோ இருப்பவர்களையும் தானாகவே சென்று சேரும் என்று நம்புவதற்கில்லை.

காதலைக் காட்டத் தயங்கும் போக்கு ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதும் அன்று. பிரேசிலின் குளோபோ நிறுவனம், நாடே பார்க்கும் தன் இரவு நேர நெடுந்தொடர் ஒன்றின் இறுதிப் பகுதியில், 2005இல், இரு ஆண்கள் முத்தமிடும் காட்சியைப் படமாக்கிவிட்டுக் கடைசி நேரத்தில் ஒளிபரப்பாமல் விட்டது. அதே நிறுவனம் 2014 ஜனவரியில் மற்றொரு தொடரின் இறுதியில் அத்தகைய முத்தத்தைக் காட்டியது. இடைப்பட்ட அந்த ஒன்பது ஆண்டுகளில், 2011இல், பிரேசிலின் உச்ச நீதிமன்றம் தன்பாலினத்தவரின் இணை வாழ்வைச் சட்டப்படி ஏற்றிருந்தது.

ஊடகத்தின் இந்த ஆற்றலை நன்கு உணர்ந்தவர்கள் அதைத் தடுக்க முற்படுகிறவர்களே என்றுகூடச் சொல்லலாம். ரஷ்யா 2013இல் சிறாரிடையே தன்பாலீர்ப்பு பற்றிய ‘பரப்புரை’யைத் தடை செய்து, 2022இல் அத்தடையை எல்லா வயதினருக்கும் விரித்தது. ஹங்கேரி 2021இல் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கான உள்ளடக்கங்களில் இத்தகைய சித்திரிப்புகளைக் கட்டுப்படுத்தியது. இச்சட்டங்கள் முதலில் காயப்படுத்துவது, தன் வகுப்பறையில் தன்னைப் போல் வேறு யாரும் இல்லை என்று எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு பதின்பருவத்தினரை. இதுவரை பிறருடைய ஏற்பைப் பற்றியே பேசினோம். அந்தப் பிள்ளை தன்னைத் தானே ஏற்பதற்கும், வளர்ந்து முதுமை எய்தும் ஒரு வாழ்க்கை தனக்கும் உண்டு என்று எண்ணிப் பார்ப்பதற்கும், அப்படி வாழும் ஒருவரை எங்காவது கண்டிருக்க வேண்டும்.

இன்று அப்படிக் காண்பது ஒரு வகையில் எளிது. கைப்பேசியில் தேடினால் பால்புதுமையர் தாமே எடுத்து வெளியிட்ட காணொளிகள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. தம்மைப் பற்றித் தாமே பேசும் வாய்ப்பு முன்னொருபோதும் இந்த அளவுக்கு அவர்களுக்கு இருந்ததில்லை. ஆனால், ஒருவருக்கு எந்தக் காணொளி காட்டப்பட வேண்டும் என்பதை அவர் முன்பு பார்த்தவற்றை வைத்தே செயலிகள் முடிவு செய்கின்றன. தேடுகிறவருக்கு மேலும் மேலும் கிடைக்கிறது. யாரையும் அறியாதவருக்கு, அதாவது ஷியப்பாவின் ஆய்வின்படி இந்த அறிமுகத்தால் மிகுதியாகப் பயன்பெறக்கூடியவருக்கு, அது கிடைக்காமலே போகலாம். வெறுப்பைக் கக்கும் காணொளிகளே அவருக்கு வந்து குவியவும் கூடும். 1997இல் அந்த விமான நிலையக் காட்சியைப் பார்த்த 4.2 கோடிப் பேரில், தன்பாலீர்ப்பாளர் ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்துத் தொலைக்காட்சியின் முன் உட்காராதவர்களும் நிச்சயம் இருந்திருப்பார்கள். அன்று வீட்டில் வேறு யாரோ அந்தத் தொடரைப் போட்டிருந்ததால், உடன் அமர்ந்து பார்த்தவர்கள் அவர்கள்.